ஒரு மணி இரண்டு தடவை வரும் நாள்

சான் ஹோசே,
நவம்பர் 29

அன்பு மகள் கோராவுக்கு அம்மா எழுதுவது. நானும் பூனை வால்டரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், டப்ளின் குளிரில் உன் இருமல் நின்றதா என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம். நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்குப் பக்கத்து வீட்டு லூபே கூப்பிட்டாள், அங்கேதான் சாப்பிட்டேன், வான்கோழி வறண்டுபோய் இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. இப்போதெல்லாம் வாயைத் திறக்காமல் இருப்பதில் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன், ஏன் என்று சொல்கிறேன்.

என் பழைய மேலாளர் பிரெண்டை மன்னித்து விட்டுவிடு, இல்லாவிட்டால் உன் உடம்புக்குத்தான் கேடு என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அந்த நாய், பூனைத்தீனிக் கம்பெனியின் ஆர்டர் புரோகிராமைப் பத்தொன்பது வருஷம் எழுதிக் காத்தவள் நான். எங்கள் தொழிலில் ஒவ்வொரு வரிக்கும் அதை எழுதியவர் பெயர் தானாகப் பதிவாகியிருக்கும், எங்களுக்கு அதுதான் கௌரவம். அதைத்தான் அந்தப் படுபாவி அழித்தான். ஏஐயை வைத்து எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தானே புதிதாக எழுதிவிட்டதாக மேலிடத்தில் காட்டுவதற்காகப் பழைய பதிவை அடியோடு துடைத்துவிட்டு, என் வரிகளைத் தன் பெயரில் ஏற்றினான். அவனுக்குப் பதவி உயர்ந்தது, எனக்கு ஒன்பது நிமிட வீடியோ அழைப்பில் வேலை போனது. "தப்பா எடுத்துக்காதீங்க மார்லீன், இனிமே இதெல்லாம் ஏஐயே பாத்துக்கும்" என்றான். அன்று முழுவதும் அழுதேன், உன்னிடம் சொல்லவில்லை.

இப்போது கேள். வருஷாவருஷம் போல இந்த மாத முதல் ஞாயிறு விடியுமுன் இரண்டு மணிக்கு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தோமே, மூன்றாம் நாள் லூபே வாசலில் ஒரே நாய்த்தீனி இரண்டு மூட்டை. "ஒண்ணுதான் கேட்டேன், என் நாயை யானைன்னு நெனச்சிட்டானுங்களா?" என்று கத்தினாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. மாதாமாதம் போகும் ஆர்டர்கள் எல்லாம் முதல் ஞாயிறு ராத்திரி ஒரு மணிக்குத் தானாகக் கிளம்பும், அந்த ஒரு நாள் ஒரு மணி இரண்டு தடவை வரும். இரண்டாம் தடவை அனுப்பாமல் தடுப்பதற்காகவே ஒரு வரி எழுதி, பக்கத்தில் 'இதை எடுக்காதீர்கள்' என்று காரணமும் எழுதி வைத்திருந்தேன். ஏஐ அதைக் குப்பை என்று தள்ளியிருக்கிறது, இவன் படிக்காமலே சரி என்று தட்டியிருக்கிறான்.

அங்கே இன்னும் வேலையில் இருக்கும் யூஜின் மீதியைச் சொன்னான். எது கெட்டாலும் எழுதியவர் பெயரைத் திரையில் போட்டுக் கேட்பது அங்கே வழக்கம். போட்டார்களாம், மேலிருந்து கீழ்வரை பிரெண்ட், பிரெண்ட், பிரெண்ட். இந்த வரி என்ன செய்கிறது என்று கேட்டால் தண்ணீர் குடித்தானாம். என்ன காரணம் என்று யூஜினுக்குத் தெரியும், அவனையும் ஜனவரியோடு அனுப்புகிறார்கள், அவனும் பேசவில்லை.

மறுநாள் பிரெண்ட் எனக்குப் போன் செய்தான். "நூத்துக்கணக்கான வரியை அந்த ஏஐ எடுத்திருச்சு, எதுன்னே தெரியல, கொஞ்சம் சொல்லுங்க மார்லீன்" என்று கெஞ்சினான். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் கோரா. என் பெயரை என் வரிகளில் திரும்பப் போடு, அடுத்த நிமிஷம் சொல்கிறேன் என்றேன். போட்டால், அவன் எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே, போனை வைத்துவிட்டான். நெட்வொர்க் கோளாறு என்று மேலிடத்தில் சொல்லிச் சமாளித்தானாம், அவர்களும் நம்பிவிட்டார்கள். அந்த வரி இன்னும் இல்லை.

நீ இருமலுக்கு வெந்நீர் குடி, ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்காதே, எந்த இடத்தில் வேலை செய்தாலும் உன் பெயரை விட்டுக்கொடுக்காதே. கடவுள் உன்னை நன்றாக வைப்பார். மன்னிக்கச் சொன்னதையும் நான் மறக்கவில்லை. வால்டருக்காக அதே கம்பெனியில் மாதம் ஒரு சின்னப் பூனைத்தீனி மூட்டைக்கு நேற்று ஆர்டர் கொடுத்திருக்கிறேன். அடுத்த நவம்பரில் வாசலில் இரண்டாவது மூட்டை வந்து இறங்கட்டும், அன்றைக்கு மன்னிக்கிறேன்.

உன் அம்மா,
மார்லீன்