உன் வாயை மூடிவிட்ட படம்

என் வாயாடி அம்மாவுக்கு,

நீ அழுதுகொண்டிருக்கிறாயாம். ஊரே சொல்கிறது. மீஞ்சூரில் ஸ்டேஷனுக்கு வெளியே கட்டியிருக்கிற பேனரில் அழுகிறாய். முன்பின் தெரியாதவர்களின் போனில் எல்லாம் அழுகிறாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, உன் அழுகை மட்டும் ஓய்ந்தபாடில்லை. உயிரோடு இருந்த காலத்தில் நீ அழுது நான் பார்த்தது அப்பா போன அன்றைக்குத்தான். அதுவும் பாதி அழுகை, பாதி வசவு.

இதைப் படிக்கிறவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

பழவேற்காட்டில் நம் குப்பத்துக்குப் பூநாரைகளைப் படம் எடுக்க ஒருத்தன் வந்தான். கழுத்தில் கேமரா, தலையில் தொப்பி, காலில் முட்டி வரைக்கும் ஷூ. பறவைகளுக்கு அவனைப் பிடிக்கவில்லை போல, ஏரி நடுவில் போய் நின்றுகொண்டன. வந்ததற்கு எதையாவது எடுக்கவேண்டுமே என்று உன் பக்கம் திரும்பினான். நீ மணலில் பழைய வலையை விரித்து சென்னாக்குன்னிப் பொடி இறால் காயவைத்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் வெயில் சரியாக விழவேண்டும் என்று அவன் அதன் மேலேயே ஏறி நின்றான்.

"டேய் கஸ்மாலம்! ஷூ காலோட கருவாட்டு மேல நிக்கிறியே, அத்த உங்கம்மாவா வந்து துன்னுவா? எறங்குடா கீழ!"

வெயிலுக்குக் கண் இடுங்கி, வாய் திறந்து, கை மேலே போன அந்த நொடியை அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். தமிழ் தெரியாதவனோ, தெரிந்தும் காது கேட்காதவனோ, உன்னைப் பார்த்துக் கும்பிடு வேறு போட்டான். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன், அவனுக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த சேதி, அந்தப் படத்துக்கு ஏதோ போட்டியில் பரிசு. வண்ணத்தை எல்லாம் உருவிவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கி, கீழே 'வாழ்விழந்த மீனவத் தாயின் கதறல்' என்று எழுதியிருந்தான். நான் போனில் காட்டினபோது நீ கண்ணைச் சுருக்கிப் பார்த்தாயே, ஞாபகம் இருக்கிறதா?

"யார்டி இவ, சாவு வூட்லேர்ந்து எயுந்து வந்தவ மாரி கீறா?"

"நீதாம்மா."

"நானா? எனுக்கு இன்னா கேடு வந்துச்சி?"

அதோடு அதை மறந்துவிட்டு மீன் அலசப் போய்விட்டாய். நானும் விட்டுவிட்டேன். போன வருஷம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகுதான் அந்தப் படம் மறுபடி கிளம்பியது. செத்தவள் படம் என்றால் சனங்களுக்குத் தனி ருசி.

மீஞ்சூரில், ஏரியைக் காப்பாற்றச் சொல்லிக் கட்டியிருந்த அந்தப் பேனருக்குக் கீழே நின்றிருந்த பையனிடம், இது எங்கள் அம்மா என்றேன். சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உங்க அம்மாவோட வலிதான்க்கா எங்க போராட்டத்துக்கே முகம்" என்றான்.

"எங்கம்மாவுக்கு மூட்டு வலி மட்டுந்தான் தம்பி இருந்துச்சி" என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே.

ஏரித் தண்ணீர் மாறிப்போனது உண்மை. இறால் குறைந்ததும் உண்மை. அதையெல்லாம் நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ அதற்காக உட்கார்ந்து அழுதவளா? பார்வையிட வந்த அதிகாரியின் ஜீப்பை மறித்து, கண்ணாடியை இறக்கச் சொல்லி, அவர் ஏழு தலைமுறையையும் விசாரித்தவள் ஆயிற்றே. அதை எவனாவது படம் எடுத்தானா? கோபப்படுகிற பொம்பளை இவர்களுக்கு எதற்கு? அழுதால்தான் அய்யோ பாவம் சொல்ல வசதி.

இதை விடக் கூத்து ஒன்று சொல்கிறேன், கேள். தேர்வாய் கண்டிகையில் என் கம்பெனி ஆபீஸ் ரூமில், யாரோ சப்ளையர் கொடுத்த காலண்டர் மாட்டியிருந்தார்கள். கையெழுத்துப் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அதே நீ, அதே படம். ஆனால் இதில் வண்ணம் இருக்கிறது, பின்னால் மஞ்சள் வெயில், பல் பளிச்சென்று தெரிகிறது. கீழே 'கடலோர மகளிர் முகத்தில் புன்னகை' என்று போட்டிருக்கிறான்.

"எங்கம்மா சார்" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா! எவ்ளோ ஹேப்பியா டாட்டா காட்டறாங்க பாருங்க!"

ஒரே வாய், ஒரே கை. ஒருத்தனுக்குக் கதறல், இன்னொருத்தனுக்கு டாட்டா. படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் இவர்கள் கண் பார்க்கிறது. படித்தவன், பட்டம் வாங்கினவன், எவனுக்கும் 'இந்த அம்மா என்னதான் சொன்னாங்க?' என்று கேட்கத் தோன்றவில்லை. இவர்கள் கண்ணில் கொள்ளிக்கட்டையைத்தான் வைக்கவேண்டும்.

வெளியில் இருக்கிறவன் எப்படியோ போகட்டும். என் வயிற்றெரிச்சல் நம் வீட்டுக்குள்ளேயே நடந்ததுதான். உன் தெவசத்துக்கு மாட்ட வேண்டும் என்று தம்பி தேசப்பன் அதே படத்தைக் கும்மிடிப்பூண்டி ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுவந்தான். பிரித்துப் பார்த்தேன். மேலே போன கையை எடுத்துவிட்டார்கள். பட்டுப்புடவை கட்டி, ஜிமிக்கி போட்டு, இரண்டு சுற்று வெளுப்பாகவும் ஆக்கிவிட்டார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன் அம்மா, உன் வாயை மூடிவிட்டார்கள். பஞ்சாயத்தாலும் முடியாதது, அப்பாவாலும் முடியாதது, ஸ்டுடியோக்காரன் கம்ப்யூட்டரில் முடித்துவிட்டான். உதட்டோரம் ஒரு சாந்தம் வேறு.

"லட்சணமா கீதுல்லக்கா?" என்றான் தேசு. "வர்றவங்க பாத்தா ஒரு மரியாதயா இருக்கும்."

"இது யார்ரா? சீரியல்ல மாமியாரா வர்றவளா? கொண்டுபோய்க் குடுத்துட்டு வா."

"பேஜாரு பண்ணாதக்கா. அப்ப நீயே வேற போட்டோ குடு, பாக்கலாம்!"

என்னிடம் என்ன இருக்கிறது? படம் எடுக்க வந்தவர்களை எல்லாம் நீ துரத்திவிட்டாய். ஆதார் அட்டையில் இருப்பது ஏதோ திருட்டுக் கேசில் பிடித்துவந்த ஆள் மாதிரி இருக்கிறது.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்ணை மூடி உன்னை நினைத்துப் பார்த்தேன். ஜிமிக்கி போட்ட அந்த வெளுத்த முகம் வந்து நின்றது, வாயை மூடிக்கொண்டு. அதைத் தள்ளிவிட்டு மறுபடி நினைத்தேன். காலண்டர் முகம் வந்தது. உன் வயிற்றில் பிறந்தவள் நான், எனக்கே உன் முகம் வரவில்லை. அன்றைக்கு மாதிரி நான் பயந்ததே இல்லை அம்மா. ஊரைத் திட்டிக்கொண்டிருந்தேனே, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகிவிட்டேனா?

ஷிப்ட் முடிந்து நேராகத் தேசு வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் வந்திருக்கிறேன் என்று அவன் முறைத்தான். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "தேசு, அம்மா உன்ன எப்டி திட்டும், சொல்லு" என்று மட்டும் கேட்டேன்.

அவன் எழுந்து நின்றான். பிறகு இடுப்பில் கையை வைத்தான். இடது புருவம் மட்டும் மேலே போனது, கீழுதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

"துன்ற நேரத்துக்குக் கரீட்டா வந்துர்ற, வல இயுக்கற நேரத்துக்கு எங்கடா போய்த் தொலையற? உன்னப் பெத்ததுக்கு ரெண்டு கெளுத்தியப் பெத்திருந்தா கொயம்பாவது வெச்சிருப்பேன்!"

நீ வந்துவிட்டாய். அந்தப் புருவத்தில், அந்த உதட்டில், அப்படியே வந்து நின்றாய். நான் சிரித்தேன், அவனும் சிரித்தான், பிறகு இரண்டு பேரும் அழுதோம். அவனாகவே போய் அந்தப் படத்தை எடுத்தான். "இது வாணாம்க்கா" என்று சொல்லி, சட்டத்திலிருந்து உருவிச் சுருட்டி என் கையில் கொடுத்தான்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். தெவசத்தன்றைக்குச் சுவரில் எந்தப் படமும் இருக்காது. கீழே விளக்கு மட்டும் எரியும். பூமாலையோடு வந்து எங்கே போடுவது என்று முழிக்கிறவர்கள் முழிக்கட்டும். வருகிற ஒவ்வொருத்தரும் நீ அவர்களைத் திட்டின திட்டு ஒன்றை, நீ சொன்ன மாதிரியே சொல்லவேண்டும். சொல்லாதவர்களுக்கு இலை கிடையாது. நம் குப்பத்தில் ஒருத்தரும் பட்டினியாகப் போக மாட்டார்கள், எனக்குத் தெரியும்.

உன் வாயை அப்படியே உரித்துவைத்துப் பிறந்த மகள்,
செல்வி