மஞ்சள் துப்பட்டா

குட்டிமா,

ஒசாகாவில் மழைக்காலம் தொடங்கிவிட்டது. குடையை அலுவலகத்தில் மறந்துவிட்டு நனைந்துகொண்டே வருகிறேன், திட்டத்தான் ஆளில்லை.

நீ பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டதை இந்தத் தெருவில் யாரிடமும் நான் சொல்லவில்லை. டோஃபு கடைக்காரர் வழிமறித்துக் கேட்டார்: "உங்க வீட்டம்மா எங்க சார்? பேரம் பேசிச் சண்டை போட ஆளில்லாம கடையே தூங்கி வழியுது!" உனக்குக் காய்ச்சல் என்றேன். உடனே ஒரு கட்டி டோஃபுவைப் பொட்டலம் கட்டி, "கஞ்சியில போட்டுக் குடுங்க" என்றார். அதை நானே தின்றேன்.

இங்கே உனக்கு இத்தனை பேர் பழக்கம் என்று எனக்குத் தெரியாது. 'வாங்க, சுத்திட்டு வரலாம்' என்று நீ கூப்பிட்ட ஞாயிறெல்லாம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டவன்தானே நான்.

யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று, நீ விட்டுப்போன மஞ்சள் துப்பட்டாவை வாராவாரம் துவைத்து என் சட்டைகளோடு பால்கனியில் காயப்போட்டேன். நேற்று தூறல் விழுந்ததும் எதிர்வீட்டு ஹிராகாவா அம்மா வழக்கம்போலக் கத்தினார்: "மழை வருது, துணிய எடு தம்பி!"

ஓடிப்போய் எடுத்தேன். அவர் ஜன்னலை மூடவில்லை.

"அந்த மஞ்சத் துணிய இனிமே துவைக்காத தம்பி. போட்டுக்க ஆளில்லாமலே வெளுத்துப்போச்சு, பாவம்."

உள்ளே வந்து துப்பட்டாவை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. உன் வாசனையை நானே துவைத்துத் தீர்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஞாயிறெல்லாம் தூங்கியவன்