சுகந்தினி அக்காவின் தம்பிக்கு எத்தனை வயது?

வவுனியா

அன்பான அம்மாவுக்கு,

மாதாவின் காவலில் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். முழங்கால் வீக்கம் வற்றியதா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதீர்கள்.

ஞாயிறு பின்னேரங்களில் நான் நடத்தும் பைதன் கூட்டத்தில், கணினிக்கு வேலை சொல்லும் அந்த மொழியைச் சிலர் சேர்ந்து பழகுகிறோம். இம்முறை, வீட்டிலுள்ளவர்கள் பிறந்த ஆண்டைக் கொடுத்தால் வயதைச் சொல்லும் சிறு புறோகிராம் ஒன்றை எழுதினோம்.

வங்கியில் வேலை செய்யும் சுகந்தினி அக்கா என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, இது பிழையாச் சொல்லுது. தம்பிக்குப் பதினேழு, இது முப்பத்திமூண்டு எண்டுது."

"தம்பி வளரமாட்டன் எண்டு அடம்பிடிக்கிறாரோ அக்கா?" என்று பக்கத்திலிருந்து பழகும் டினோஜன் பகிடி விட்டான்.

"காணாமல் போகேக்க பதினேழு" என்றார் அக்கா.

அவர் கொடுத்த ஆண்டைச் சரிபார்த்தேன்; புறோகிராமில் பிழை இல்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப தாடியும் வளர்ந்திருக்கும், என்ன?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா" என்றேன்.

அறைக்கு வந்து எங்கள் அண்ணாவின் ஆண்டையும் கொடுத்துப் பார்த்தேன். அவரும் எங்கள் வீட்டில் இன்னும் பத்தொன்பது வயதில்தானே இருக்கிறார். போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

முல்லைத்தீவிலிருந்து யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடுங்கள். நத்தார்ப் பண்டிகைக்கு வழக்கம்போல அண்ணாவுக்குப் புதுச் சேட் எடுத்து அலுமாரியில் வைப்பீர்கள். இம்முறை பழைய அளவு வேண்டாம் அம்மா, கொஞ்சம் பெரிதாக எடுங்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் மார்கிறட் மாமி பஸ் ஏறப் போகிறா, முடிக்கிறேன்.

மகள்
நிறஞ்சனா