கடலுக்குக் காய்ச்சல்

பிப்ரவரி 26, கானாக்

நாலு மாத இருட்டுக்குப் பிறகு வெயில் திரும்பி ஒரு வாரம். இலாங்குவாக் அண்ணனின் நாய்வண்டியில் உறைந்த கடலுக்குப் போனோம். துளை போட்டு வெப்பமானியை இறக்கினேன். அடித்தண்ணீர் போன வருடத்தைவிடச் சூடு. அண்ணன் நாய்களை அதட்டினான்: "சத்தம் போடாதீங்கடா, டாக்டரம்மா கடலுக்குக் காய்ச்சல் பாக்குறா!" வீட்டில் அதைச் சொன்னதும், ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு துகுமெக் அண்ணி சிரித்தாள்.

மார்ச் 9, நூக்

தலைநகரில் ஆய்வுக் கூட்டம் முடிந்தும் ஊர் திரும்ப முடியவில்லை. புயல், விமானம் இல்லை. போனில் அண்ணன்: "இந்த வார அளவை நானே எடுத்துடறேன். நாய்ங்களுக்கே உன் வேலை அத்துப்படி." சரி என்றேன்.

மார்ச் 11

நாலு நாய்கள் மட்டும் திரும்பியிருக்கின்றன. அறுந்த வாரோடு.

மார்ச் 16, கானாக்

உடல் கிடைக்கவில்லை. துளைக்குப் பக்கத்தில் பனிக்கட்டியை அடியிலிருந்தே தண்ணீர் தின்றிருக்கிறது. மேலே புதுப்பனி மூடியிருந்ததால் அவனுக்குத் தெரிந்திருக்காது.

எனக்கு? இதைத்தானே அளந்துகொண்டிருந்தேன்? ஏன்டி சரின்னு சொன்ன? போகாதண்ணான்னு ஒரு வார்த்தை— வாய் வரலியே.

அண்ணி காபி வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 2

பிரசவத்துக்கு அண்ணி இலுலிசாட் மருத்துவமனைக்குக் கிளம்பினாள். பையை வாங்கப் போனேன், கையை இழுத்துக்கொண்டாள்.

பிறப்பது எதுவானாலும் அண்ணன் பெயர்தான். எங்களில் பெயரோடு இறந்த ஆளும் வந்துவிடுவார், முறையும் உறவும் மாறாமல். அவன் வருவான். அவனுக்குத் தங்கையாக இருக்க என்னை அண்ணி விடுவாளா? அம்மாவிடம் கேட்டேன். "அவ மனசுல என்ன இருக்கோ" என்றாள்.

ஏப்ரல் 21

ஆண். அம்மாவுக்குத்தான் போன் வந்தது.

மே 5

அண்ணி வீட்டில் ஊரே கூடியிருந்தது. காபி, கேக், கடல்நாய்க் குழம்பு. ஒவ்வொருவரும் குழந்தையின் கையைப் பிடித்துக் குலுக்கி, "வந்துட்டியா இலாங்குவாக்" என்றார்கள். கிழட்டு வேட்டைக்காரர் ஒருவர், தன்னிடம் அண்ணன் வாங்கிப்போன துப்பாக்கியைக் கேட்டுக் குழந்தையிடம் வம்பிழுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். பூட்ஸ் கழற்றும் இடத்தைத் தாண்டக் கால் வரவில்லை.

அண்ணி பார்த்துவிட்டாள். மடியில் இருந்தவனிடம் குனிந்தாள்.

"டாக்டரம்மா வாசல்லயே நிக்கிறா. உங்க தங்கச்சிதானே, நீங்களே கூப்பிடுங்க."

குழந்தை வீறிட்டது.

"கேட்டுச்சா?" அண்ணி இப்போது என்னைப் பார்த்தாள். "கூப்பிடுறார்."

"வந்துட்டேண்ணா" என்றேன்.