தலையாட்டிய பிறகு

மார்ச் 4, செவ்வாய்

நகராட்சி அணுகல் வசதிக் குழுவின் இரண்டாவது கூட்டம். மின்விசிறிகளின் இரைச்சல், ஒரே நேரத்தில் பலரின் பேச்சு. என் காதுக் கருவி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கி ஊற்றியது. பொறியாளர் வரைபடத்தை விரித்து என்னிடம் ஏதோ கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தலையாட்டினேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டில் மனைவி, "என்ன முடிவாச்சு?" என்றாள்.

"நல்லபடியாப் போச்சு."

அது பொய்யா? தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது பொய்க்கணக்கில் சேருமா?

மார்ச் 5

எதற்குத் தலையாட்டினேன்?

மார்ச் 6, வியாழன்

வக்கீலம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். குழுவில் எனக்குப் பக்கத்து நாற்காலி. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கைக்கோலை மடிக்கும் முன்பே ஆரம்பித்தார்.

"நகராட்சி ஆபீஸ் முன்வாசல்ல சாய்தளம் வேண்டாம், பின்வாசலே போதும்னு நீங்களும் ஒத்துக்கிட்டீங்களே சார்?"

"நான் ஒண்ணுமே சொல்லலையேம்மா…"

"தலையாட்டினீங்களாம். 'பெரியவரே சரின்னுட்டார், அப்புறம் என்ன?'ன்னு பொறியாளர் என் வாயை அடைச்சிட்டார். நீங்க ஆட்டின தலையை நான் எங்க போய்ப் பார்க்கிறது?"

பின்வாசல் என்றால் குப்பை லாரிகள் நிற்கும் சந்து. சக்கர நாற்காலியில் என் மனைவியை அந்த நாற்றத்துக்குள் தள்ளிக்கொண்டு போவதா? முன்வாசல் படிகளைப் பற்றி மனு எழுதியதால்தானே என்னைக் குழுவிலேயே சேர்த்தார்கள்? வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

"ஏதோ யோசனையா இருந்துட்டேன்" என்று வக்கீலம்மாவிடம் மழுப்பினேன். அவர் கைக்கோலை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உள்ளறையில் இருந்தவளுக்குப் பாம்புச் செவி. என் முகத்துக்கு நேரே நாற்காலியை நிறுத்தினாள்.

"ஏங்க, அந்தப் படியில என்னை நாலு பேர் தூக்குறாங்க. சாகுறதுக்கு முன்னாடியே ஒத்திகை பார்த்தாச்சு. அதுக்கே நான் வெக்கப்படல. உங்களுக்குக் காதுல மட்டும் என்ன கௌரவம் தொங்குது?"

மார்ச் 9, ஞாயிறு

'எனக்குக் காது கேட்காது.' கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவரே நம்பவில்லை.

கல்லூரியில் பாடம் நடத்தியபோது தினமும், "பின்பெஞ்சுக்குக் கேட்கிறதா?" என்பேன். கேட்கவில்லை என்று ஒருவரும் கை தூக்கியதில்லை. கேட்காதவனுக்கு அந்தக் கேள்வியும்தான் கேட்டிருக்காது — இது ஏன் அப்போது தோன்றவில்லை?

மார்ச் 17, திங்கள்

நாளை கூட்டம். நாளையே சாய்தள ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடுமாம். ஒரு காய்ச்சல் வரக்கூடாதா? நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

எழுந்து நின்றேன்.

"போன கூட்டத்துல நீங்க கேட்டது எனக்குக் காதுல விழலை. விழாமலேயே தலையாட்டிட்டேன். பின்வாசலுக்கு நான் சம்மதிக்கலை."

கத்திவிட்டேனாம். எனக்கெங்கே தெரியும்? பொறியாளரின் உதடுகள் வேகமாக அசைந்தன. ஐயோ, என் தலை தானாகவே ஆடக் கிளம்பியது! தாடையைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

"கேக்கலை" என்றேன்.

ஆணையர் மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார். ஒருவர் பேசி முடித்த பிறகே அடுத்தவர் என்றார். தட்டச்சர் ஒவ்வொரு பேச்சையும் அடிக்க, சுவர்த் திரையில் வரிகள் வந்தன. எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திரையில் வந்திருக்குமே.

பிறகு, முன்வாசலிலேயே சாய்தளம் வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். உடனே ஒரு புது வரி வந்தது:

'வழக்கறிஞர்: யார் யார் கை தூக்குறாங்கன்னு எனக்கும் வாய்விட்டுச் சொல்லுங்க. ஒருத்தர் தலையை நம்பி ஒருதடவை ஏமாந்தது போதும்.'

அவர் பக்கம் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

மே 20, செவ்வாய்

இவளை முன்வாசல் வழியாகவே தள்ளிக்கொண்டு போனேன். சாய்தளத்தில் இன்னும் சிமெண்ட் வாடை. உச்சியில் மூச்சு வாங்க நின்றபோது காவலர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"கேக்கலை, திருப்பிச் சொல்லுங்க."

சொன்னார். மறுபடியும் விழவில்லை. இவள் எனக்காகப் பதில் சொல்லவில்லை, காத்திருந்தாள். இன்னொரு முறை கேட்டேன்.

"வெயில் ஜாஸ்தின்னேன் சார்!"

வெயில் ஜாஸ்திதான். தலையாட்டினேன்.