ஒனோதெரா ஐயாவின் மிச்சக் கிண்ணம்

செந்தாய்
ஏப்ரல் 23, 1986

அன்புள்ள யசுயோவுக்கு,

செர்ரிப் பூக்கள் பாதி கொட்டிவிட்டன. நீ அக்கா வீட்டுக்குப் போய் மூன்று நாளாகிறது. அங்கே எல்லோரும் சுகந்தானே? இங்கே அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒரு காலுறையும் ஜோடி சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அலுவலகக் கூட்டத்தோடு பூங்காவில் இருந்தபோது நீ பாதியில் எழுந்து போனது எனக்குப் பெரிய தலைக்குனிவு. "என்னப்பா, வீட்டம்மாவுக்கு வயித்து வலியா?" என்று எங்கள் பிரிவுத் தலைவர் ஒனோதெரா ஐயாவே கேட்டார். ஆமாம் என்று சமாளித்தேன். பூப் பார்க்கப் போன இடத்தில் ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்காக யாராவது கோபித்துக்கொள்வார்களா? அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. சீக்கிரம் வந்து சேர்.

உன்
கியோஷி

சியோகாமா
ஏப்ரல் 26

கியோஷி அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் நலம். எனக்கு வயிற்று வலி இல்லை, குமட்டல்தான்.

ஒரு கிண்ணம் நூடுல்ஸ் என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! பூங்காவில் இடம் பிடிப்பது அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரின் வேலை. அவருக்குக் காய்ச்சல் என்று சொன்னீர்கள். அதை நம்பி, காலை ஐந்து மணிக்கே நீலப் பாயை விரித்து ஏழு மணி நேரம் குளிரில் உட்கார்ந்தேன். எழுந்தால் பக்கத்துக் கூட்டம் பாயைத் தள்ளிவிடும் என்று கழிப்பறைக்குக்கூடப் போகவில்லை. மத்தியானம் பார்த்தால் அந்தக் காய்ச்சல்காரர் குத்துக்கல்லாட்டம் வந்து நிற்கிறார்! ஒனோதெராதான் சிரித்துக்கொண்டே போட்டு உடைத்தார்: "காய்ச்சலா, யாருக்கு? புது ஆளு எதுக்குங்க, என் பொண்டாட்டி உக்காருவான்னு உங்க வீட்டுக்காரர்தாம்மா சொன்னாரு!" நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள்.

பிறகு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று எல்லோருக்கும் நூடுல்ஸ் வாங்கி வந்தேன். கடைசிக் கிண்ணம் என்னுடையது. அதுவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. வாயருகே கொண்டுபோகும்போது, "இது இன்னும் சூடா இருக்கும்போலயே" என்று ஒனோதெரா பிடுங்கிக்கொண்டார். சத்தமாக உறிஞ்சியதைச் சொல்லவில்லை, அது நாம் எல்லோரும் செய்வதுதான். பாதி தின்றுவிட்டு, பல்லிடுக்கில் சிக்கிய வெங்காயத்தாளை நகத்தால் நோண்டி அந்தச் சூப்பிலேயே உதறினார். அதன் மேலேயே சளி கட்டிய இருமல் வேறு. அப்புறம் என்னிடம் நீட்டி, "எனக்குப் போதும், நீ சாப்பிடும்மா" என்றார்.

நான் உங்களைப் பார்த்தேன். ஒரு வார்த்தையாவது சொல்வீர்கள் என்று நினைத்தேன். "வாங்கிக்கோ, ஐயா ஆசையா குடுக்கிறாருல்ல" என்றீர்கள். நான் கை நீட்டாததும் நீங்களே வாங்கி, சொட்டு விடாமல் குடித்து, "அமிர்தம்ங்க ஐயா!" என்று உதட்டை நக்கினீர்கள்.

அவர் எக்கேடு கெட்டும் போகட்டும். அந்த எச்சிலை நீங்கள் ருசித்துக் குடித்தீர்களே, சீ! பதினோரு வருஷம் அந்த வாய்க்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். இப்போது அக்கா சோறு போட்டால்கூட அது ஞாபகம் வந்து உமட்டுகிறது. செய்தது தப்பு என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். எழுதினால் அடுத்த ரயிலில் வருகிறேன்.

யசுயோ

செந்தாய்
ஏப்ரல் 30

அன்புள்ள யசுயோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவர்கள் கொடுப்பதை மறுக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். மற்றதை நேரில் பேசிக்கொள்வோம்.

அதற்குள் ஒரு நல்ல சேதி. உங்கள் சியோகாமா கோவிலில் தாமதமாகப் பூக்கும் அடுக்குச் செர்ரி மலரத் தொடங்கிவிட்டதாமே! "உன் வீட்டம்மா அங்கதானே இருக்கு? இடம் பிடிக்கிறதுல கெட்டிக்காரியாச்சே" என்று ஒனோதெரா ஐயா எல்லோர் முன்னாலும் உன்னை மெச்சினார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் வருகிறோம். விடிவதற்குள் போய்ப் பாயை விரித்துவிடு. ஐயாவுக்கு மூட்டுவலி, காற்றடிக்காத பக்கமாகப் பார். பாயைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

உன்
கியோஷி

சியோகாமா
மே 2

கியோஷி அவர்களுக்கு,

பாய் வந்தது. அக்கா அதை மீன் கூடைகளின் மேல் போர்த்திவிட்டாள். "உம் புருஷன் ஜென்மத்துல உருப்படியா அனுப்பினது இது ஒண்ணுதான்டி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் கோவில் பக்கம் வரப்போவதில்லை. நான் கேட்டது ஒரு வரி. நீங்கள் அவருடைய மூட்டுவலியை எழுதியிருக்கிறீர்கள்.

இத்துடன் விவாகரத்துப் படிவம் இருக்கிறது. நேற்றே நகராட்சி அலுவலகத்தில் வாங்கி, என் பெயருக்கு எதிரே என் சொந்த முத்திரையைக் குத்திவிட்டேன். சாட்சிகள் இருவர் வேண்டும். அக்கா தன் முத்திரையைப் போட்டுவிட்டாள். இன்னொன்றை ஒனோதெராவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் போட்டு நீட்டினால் நீங்கள் மறுக்க மாட்டீர்கள்.

யசுயோ