நான் கொட்டிய நீர்

ஆவணி 3, செவ்வாய். அமிர்தி, வீட்டில்.

மனித செல்லில் மடிந்து கிடக்கும் ஆர்என்ஏவை டைசர் நொதி வெட்டினால் இருபத்திரண்டு எழுத்துத் துணுக்கு மிஞ்ச வேண்டும். துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் ஜெல்லில், ஒரு வருடமாக எனக்கு அது தெரியவே இல்லை. டைசரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று வேலூர் ஆய்வகத்தில், ஆர்என்ஏவைப் பிடித்துவைக்கும் வடிகட்டியில் இறங்கிய நீரை வழக்கம்போல் கொட்டப் போனேன். புதிதாகச் சேர்ந்த ஷபானா கையைப் பிடித்தாள். "இன்னாக்கா, சின்னத் துண்டெல்லாம் இதுலதானே எறங்கிடும்? எனக்குக் குடுங்க."

சாயங்காலம் அவள் ஜெல்லில் அந்தக் கோடு பளிச்சென்று விழுந்திருந்தது. பேராசிரியர் அவளைப் பாராட்டினார். நானும் கைதட்டினேன்.

பஸ்ஸில் வீடு வரும்வரை அவள் செய்ததில் ஒரு தப்பாவது தேடினேன். கிடைக்கவில்லை. இப்போது ஜெல் படத்தை அனுப்பியிருக்கிறாள். "உங்க ஆர்என்ஏதானேக்கா, படத்துல உங்க பேரத்தான் எழுதினேன்."

அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.